கேள்வி-பதில்: பொம்மைப் படையும் போன பணமும்

போன மாதம் மிக்சி பற்றிய ஒரு பதிலின் நடுவே, நானும் வீட்டில் சிப்பாய் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன்தான் என்று ஒரு வரி வாய் தவறி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அந்த விவகாரம். தெரியாதவர்களுக்கு: பழைய போர்களில் மோதிய படைகளை ஓர் அங்குல உயரச் சிப்பாய்களாக வாங்கி, சீருடை பார்த்து வண்ணம் அடித்து, மண்ணும் புல்லும் ஒட்டிய சின்னப் பலகையில் நிறுத்தி, அளவுகோலும் பகடையும் வைத்து மேசைமேல் ஆடுவது. அந்தப் பலகைக்கு பேஸ் என்று பெயர். செலவு பிடிக்கும் பழக்கம், ஏமாற்றுகிறவர்களுக்கும் வசதியானது.

72 வண்ணங்கள் கொண்ட பெயிண்ட் செட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். வாங்கலாமா? (வேளச்சேரி)

வேண்டாம். பத்து பாட்டில் போதும். மீதி 62 உங்கள் அலமாரியில் காய்ந்து கல்லாகிவிடும், என்னுடையது ஆனது.

வந்தவாசிப் போருக்காக 64 பிரெஞ்சுச் சிப்பாய்கள். பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் பொம்மைகளையும் முழுப் பணம் 18,000 ரூபாயையும் கொடுத்தேன். இரண்டு மாதம் என்றார், பதினோரு மாதம் ஆகிறது. முதலில் மழை, அப்புறம் தங்கை கல்யாணம், அப்புறம் முதுகுவலி. இப்போது ஃபோனே எடுப்பதில்லை. (பெரம்பூர்)

முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்ததற்கு உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நானும் கொடுத்திருக்கிறேன். ஒன்பது மாதம் கழித்து என் நாற்பது குதிரைவீரர்கள் திரும்பி வந்தார்கள், குதிரைகள் முப்பத்தொன்றுதான் வந்தன. மீதி ஒன்பது எங்கே என்று கேட்டதற்கு எண்ணித்தான் கொடுத்தீர்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் எண்ணிக் கொடுக்கவில்லை.

இது சும்மா பழக்கத்தில் செய்துகொடுக்கிற உதவி என்று அவர் சொல்லிப் பார்ப்பார். கூலி வாங்கிவிட்டால் அது சேவை, சேவையில் குறை இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். பணம் அனுப்பியதற்கான ஆதாரம், வாட்ஸ்அப் பேச்சு, பொம்மைகளை ஒப்படைத்த தேதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் பணத்தை மட்டும் கேட்காதீர்கள், 64 பொம்மைகளையும் கேளுங்கள், அவை உங்கள் சொத்து. அசையவில்லையா, 1915க்கு ஃபோன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். முதுகுவலிக்காரர்கள் அந்த இரண்டு வருடத்தை நம்பித்தான் இழுக்கிறார்கள்.

அடுத்த முறை ஒரே ஒரு பொம்மையை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் பத்துப் பத்தாகக் கொடுத்து, பத்துப் பத்தாகப் பணம்.

இரண்டு கடைகளில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் வாங்கினேன். இரண்டு பெட்டியிலும் 28 மி.மீ. என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் நிறுத்தினால் ஒருவன் இன்னொருவன் தோளுக்குத்தான் வருகிறான். எந்தக் கடை ஏமாற்றியது? (அண்ணா நகர்)

இரண்டுமே ஏமாற்றவில்லை என்று இரண்டு கடைக்காரர்களும் சத்தியம் செய்வார்கள், என் வயிற்றெரிச்சலே அதுதான். ரங்கநாதன் தெருவில் எல் சைஸ் சட்டை வாங்குகிறோம், ஒரு கடையின் எல் தொளதொளவென்று தொங்கும், அடுத்த கடையின் எல் பட்டன் போட விடாது. அதையாவது போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். 28 மி.மீ. என்பது கேட்பதற்கு ஏதோ கம்பாசில் அளந்ததுபோல இருக்கிறது, ஆனால் எங்கிருந்து எதுவரை என்று பெட்டியில் எவனும் எழுதுவதில்லை. சிலர் உள்ளங்காலிலிருந்து கண்வரை அளக்கிறார்கள். தொப்பிக்குள் உச்சந்தலை எங்கே இருக்கிறது என்று தெரியாதே, அதனால் கண். சிலர் உச்சிவரை. சிலர் காலடியில் சேர்த்தே வார்த்திருக்கிற தட்டையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள், அதுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர். போதாததற்கு பொம்மைகள் வருடா வருடம் வளர்கின்றன: முன்பு 25 என்று விற்ற இடத்தில் 28 வந்தது, இப்போது 28 என்ற பெயரிலேயே 32 வருகிறது, 15 என்று வாங்கினால் 18 நிற்கிறது. என்னிடம் ஒரு மைசூர் தளபதி இருக்கிறார், குதிரையிலிருந்து இறங்கினால் குதிரையைவிட உயரமாக இருப்பார்.

1:72 என்று எழுதியிருந்தால் அது ஓரளவு நேர்மை, ஏனென்றால் அது விகிதம். 170 செ.மீ. மனிதனை 72ஆல் வகுத்தால் 24 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, பள்ளிக்கூடக் கணக்கு. 28 மி.மீ.யில் அப்படி எதையும் வகுக்க முடியாது, விற்பவரின் மனசாட்சியைத்தான் வகுக்க வேண்டும். ஆகவே வாங்கும் முன் ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் கேளுங்கள். படம் அனுப்ப மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். உயரம் ஒத்துப்போனாலும் துப்பாக்கியின் பருமனையும் தலையின் அளவையும் பாருங்கள், கண்ணுக்கு முதலில் உறுத்துவது அவைதான்.

வாங்கியதைத் தூக்கிப்போட வேண்டாம். உயரமானவர்கள் ஒரு படைப்பிரிவு, குள்ளமானவர்கள் இன்னொன்று. ஒரே பிரிவில் கலந்தே ஆக வேண்டும் என்றால் குள்ளமானவன் காலடியில் ஒரு மி.மீ. அட்டை ஒட்டி மேலே மண் போட்டுவிடுங்கள்.

பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் என் திப்பு படை முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. மழை விட்ட நேரம் பார்த்துத்தான் மொட்டைமாடியில் அடித்தேன். கடையில் பணம் திரும்பக் கேட்கலாமா? (குரோம்பேட்டை)

நவம்பர் மாதம், மழை விட்டு அரைமணி நேரம், மொட்டைமாடி. வார்னிஷ் என்ன செய்யும் பாவம்? ஈரக்காற்றில் மேட் ஸ்ப்ரே அடித்தால் பூக்கத்தான் பூக்கும். டப்பாவின் முதுகில் இருப்பதைப் படிக்காமல் கடைக்காரர் மேல் பாய்வது நியாயமில்லை. பளபளக்கும் கிளாஸ் வார்னிஷை பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு பூச்சு பூசுங்கள், பெரும்பாலும் வெள்ளை மறைந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு பிரஷ்ஷாலேயே மேட். நீங்கள் உட்கார்ந்து சீருடையில் போட்ட புலிக்கோடுகள் திரும்பத் தெரியும். நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்ப்ரே டப்பாவைப் பரணில் போட்டு வையுங்கள், பெயிண்டுக்கு முன் அடிக்கிற பிரைமர் ஸ்ப்ரேயும் சேர்த்து.

உலோகச் சிப்பாய்கள் என்று இணையத்தில் விற்றார்கள். வந்தது 3டி பிரிண்டரில் எடுத்த ரெசின், ஒரு வகை பிளாஸ்டிக். உடம்பெல்லாம் வரிவரியாக இருக்கிறது, மூன்று துப்பாக்கிகள் வழியிலேயே உடைந்துவிட்டன. திரும்ப எடுக்க மாட்டார்களாம். (ராயபுரம்)

எடுத்தே ஆக வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே அது இருக்கிறது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் வேலை. விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு அதில் ‘உலோகம்’ என்ற சொல் இருக்காது. அந்தப் பொம்மைகள் பிசுபிசுவென்று ஒட்டினால் வெறும் கையால் தொடாதீர்கள், ரெசின் சரியாக இறுகவில்லை என்று அர்த்தம், தோலுக்கு ஆகாது.

‘இந்தியப் போர்க்கள மண்’ என்று 100 கிராம் பொட்டலம் 450 ரூபாய்க்கு வாங்கினேன். மஞ்சள் மணலும் காய்ந்த புல்லும். நண்பர்கள் சிரிக்கிறார்கள். பீச் மணலே போதுமா? (திருவான்மியூர்)

நண்பர்கள் சிரிப்பது சரிதான். வந்தவாசிப் போர் நடந்தது 1760 ஜனவரி 22, பொங்கல் கழிந்த சமயம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், பாலைவனமா தெரிகிறது? 1780இல் திப்புவோடு மோதிய பொள்ளிலூர்ப் போருக்குச் சில நாள் முன்பு ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து கரையிலேயே காத்துக்கிடந்தது. இந்தியா என்றால் மஞ்சள் மணல் என்று முடிவுகட்டிய யாரோ போட்ட பொட்டலம் அது.

பீச் மணலில் உப்பு இருக்கிறது. நாலைந்து முறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காமல் ஒட்டினால் பின்னால் ஈரம் இழுக்கும். அதற்குப் பதில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கேட்டு ஒரு கைப்பிடி மணல் வாங்கி, டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகால் தடவி ஒட்டிவிடலாம். செம்மண்ணுக்கு பிரவுனும் கொஞ்சம் ஆரஞ்சும். உயரப் புல்லுக்குத் தேங்காய் நாரை வெட்டிப் பச்சை அடியுங்கள், சருகுக்கு வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்தால் போதும். கொலுவில் பார்க் கட்டுகிற வீடுகளில் சாயம் போட்ட மரத்தூள் இருக்கும், அது அருமையான புல்தரை. ஒரே எச்சரிக்கை, பேஸை மெல்லிய அட்டையில் வெட்டாதீர்கள். நான் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி ஃபெவிகால் தடவினேன், காலையில் படை முழுக்க அப்பளம் மாதிரி வளைந்து நின்றது. 2 அல்லது 3 மி.மீ. எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) வாங்குங்கள்.

எல்லாரையும் வட்ட பேஸில் ஒட்டி முடித்துவிட்டேன். இப்போது நண்பர் 60 மி.மீ. அகலச் செவ்வக பேஸில்தான் ஆடுவோம் என்கிறார். (மயிலாப்பூர்)

ஒட்டும் முன் அவரிடம் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே! யாரோடு எந்த விதியில் ஆடப்போகிறோம் என்று தெரியாமல் பசையைத் திறக்கிறவர்களுக்கு என்ன சொல்வது? பிய்க்காதீர்கள், கணுக்கால் உடையும். வட்டக் குழி வெட்டிய 60 மி.மீ. செவ்வகத் தட்டுகள் லேசர் கட்டிங் கடையில் வெட்டித் தருவார்கள், அதில் செருகிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கடைக்காரர் பார்சலில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பினால் வரி இல்லையாமே? (அம்பத்தூர்)

அந்தக் காலம் 2019 டிசம்பரோடு போனது. காசு கொடுத்து வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுவது பொய், மாட்டினால் பார்சலும் போகும். ‘பொம்மை’ என்று எழுதச் சொல்லித் தப்பிக்கலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது.

அசல் சேபிள் என்கிற மிருகத்தின் முடியில் செய்த பிரஷ் என்று 1,200 ரூபாய் கொடுத்தேன். பத்தே நாளில் நுனி கொக்கிபோல வளைந்துவிட்டது. (நங்கநல்லூர்)

ஒரே ஒரு முடியைப் பிடுங்கித் தீயில் காட்டுங்கள். தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தால் மிருக முடி, உருகி உருண்டையானால் நைலான். நைலான் என்றால் பில்லோடு போய்ச் சண்டை போடுங்கள், நான் உங்கள் பக்கம். நான் இந்தச் சோதனையை வாங்கி நாலு மாதம் கழித்துச் செய்தேன், கடை இருந்த இடத்தில் ஜூஸ் கடை இருந்தது.

வாரண்டி அட்டையைத் தொலைத்துவிட்டு மிக்சி பற்றி எழுதிய எனக்கு இந்த முறையாவது பதில் வருமா? (பெயர் வேண்டாம்)

வாரண்டி அட்டை தொலைந்தால் பரவாயில்லை. பில் இருக்கிறதா? முதலில் அதைத் தேடுங்கள்.