15 டீம், 2 நாள், ஒரே கிரவுண்ட்: நாக்அவுட்டைச் சண்டையில்லாமல் நடத்துவது எப்படி?

கேள்வி: எங்க ஊர் கிளப் சார்பா பொங்கல் லீவுல ரெண்டு நாள் கால்பந்து நாக்அவுட் நடத்தறோமுங்க. 15 டீம் பேர் குடுத்திருக்காங்க. ஒரே கிரவுண்டுதான். போன வருஷம் பை (ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போறது) யாருக்குங்கறதுலயே கைகலப்பு ஆகற அளவுக்குப் போயிருச்சு. போன வருஷ சாம்பியன் இந்தத் தடவை தங்களை நேரா செமியில விடணும்கறாங்க. டிரா ஆனா, டீம் வரலைன்னா என்ன பண்றதுங்க? எங்க கிளப் டீமும் ஆடுது.
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: 15 என்று படித்ததும் சிரித்துவிட்டேன். இங்கிலாந்தின் எஃப்.ஏ. (கால்பந்துச் சங்கம்) கோப்பை 1871-72இல் முதல்முறை நடந்தபோது பேர் கொடுத்ததும் 15 அணிகள்தான். நீங்கள் கேட்டிருக்கும் சிக்கல்களில் முக்கால்வாசி அந்த ஒரே சீசனில் வந்தது. அவர்கள் அன்றன்றைக்குத் தோன்றிய முடிவை எடுத்தார்கள். நீங்கள் சீட்டு எடுப்பதற்கு முன்பே எழுதிவைத்துக் கேப்டன்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வேலையில் பாதி அதோடு முடிந்தது.

முதலில் பை. 2, 4, 8, 16, 32 என்று போகிற வரிசையில் உங்கள் அணி எண்ணிக்கைக்கு மேலே வருகிற எண்ணைப் பிடித்து, அதிலிருந்து அணிகளைக் கழித்தால் எத்தனை பை என்று தெரியும். 16இல் 15 போனால் ஒன்று. அந்த ஒன்றும் முதல் சுற்றோடு சரி, அதற்குப் பிறகு யாருக்கும் பை வராது. இன்னொரு அணி கிடைத்தால் பையே வேண்டாம். சத்தியமங்கலம், அந்தியூர் பக்கம் கேட்டுப் பாருங்கள். ஆனால் 17ஆவதாக வருகிற டீமுக்குப் பாவம் பார்த்துவிடாதீர்கள். 32இல் 17 போக 15 பை. முதல் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம்தான் மிஞ்சும். 16 சேர்ந்ததும் நோட்டை மூடிவிடுங்கள்.

எஃப்.ஏ. கோப்பையில் இது எப்படிக் கெட்டது தெரியுமா? கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க்கும் டோனிங்டன் பள்ளியும் ஆட வேண்டிய முதல் சுற்று ஆட்டத்துக்கு இடமும் தேதியும் ஒத்துவரவில்லை. ‘சரி, ரெண்டு பேரும் மேல போங்க’ என்றார்கள். அடுத்த சுற்றிலும் அதே ஜோடி, டோனிங்டன் விலகியது. இன்னொரு பக்கம் கிரிஸ்டல் பேலஸ், ஹிட்சின் ஆட்டம் டிரா ஆனதும் இரண்டையும் ஏற்றிவிட்டிருந்தார்கள். இப்படிக் கணக்கு கலைந்து மூன்றாவது சுற்றில் ஐந்து அணிகள் நிற்க, குயின்ஸ் பார்க்குக்கு பை. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அரையிறுதி! ‘ரெண்டு பேரும் மேல’ என்ற பேச்சையே உங்கள் மேடையில் எடுக்காதீர்கள்.

குலுக்கலுக்கு ஒரு சார்ட்டில் 1 முதல் 16 வரை எழுதி (1-2, 3-4 என அடுத்தடுத்த எண்கள் மோதும்), 2ஆம் இடத்தில் ‘பை’ என்று முதலிலேயே போட்டுவிடுங்கள். மீதி 15 எண்களையும் சீட்டில் எழுதி ஒரு போசியில் போட்டு, எல்லாக் கேப்டன்களும் பார்க்க எடுக்க வேண்டும். 1 யாருக்கு வருகிறதோ அவர்களுக்கு பை. உங்கள் கிளப்புக்கான சீட்டை மட்டும் வெளியூர் கேப்டன் ஒருவர் எடுக்கட்டும். முதல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற வாண்டரர்ஸ் அணியின் கேப்டன் சார்லஸ் ஆல்காக், எஃப்.ஏ.வின் செயலாளரும் அவரே, போட்டி நடத்தும் யோசனையும் அவருடையதே. இன்றைக்கு நம் ஊரில் அப்படி நடந்தால் விடுவார்களா?

பை வாங்கிய அணிக்கு ஓய்வும் சேர்ந்து கிடைக்கிறது, எதிரணிக்குக் கால் களைத்திருக்கும். அதைச் சரிக்கட்ட வழி உண்டு. 3, 4ஆம் எண் அணிகளின் ஆட்டத்தை காலை 7 மணிக்கு முதலாவதாக வையுங்கள். அதில் ஜெயிப்பவர்தான் பை அணியைச் சந்திப்பார், அவருக்குப் பிற்பகல் வரை நேரம் கிடைக்கும். பாதிக்கு 15 நிமிடம், இடைவேளை 5, டைபிரேக்கருக்கும் (டிரா ஆனால் உதைக்கும் பெனால்ட்டிகள்) அணி மாறவும் 10 என்று ஆட்டத்துக்கு 45 நிமிடம் ஒதுக்கினால், முதல் சுற்றின் 7 ஆட்டங்களும் 12.15க்கு முடியும். குவார்ட்டர் நான்கையும் 2.30க்கு ஆரம்பித்தால் 5.30, தை மாதத்து வெளிச்சம் போதும். மறுநாள் காலை செமி, சாயங்காலம் ஃபைனல், பாதிக்கு 25 நிமிடம். குவார்ட்டரை இரண்டாம் நாளுக்குத் தள்ளினால் ஃபைனலுக்கு வருகிற பையன் அன்றைக்கே மூன்று ஆட்டம் ஆட வேண்டிவரும். எனக்கு அதில் சம்மதமில்லை.

டிரா ஆனால் மறு ஆட்டம் வேண்டவே வேண்டாம். 1872 அரையிறுதியில் குயின்ஸ் பார்க் வாண்டரர்ஸோடு கோலில்லாமல் டிரா செய்தது. மறு ஆட்டத்துக்கு லண்டனில் தங்கப் பணமில்லை, ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். வாண்டரர்ஸ் ஃபைனலுக்குப் போய் ராயல் எஞ்சினியர்ஸை 1-0 என வென்றது. அதே எஃப்.ஏ. கோப்பை 2024-25இலிருந்து முதல் பிரதான சுற்று முதலே மறு ஆட்டத்தைக் கைவிட்டிருக்கிறது. உங்களுக்கு நேரே டைபிரேக்கர். ஃபைனலில் மட்டும் 5+5 எக்ஸ்ட்ரா டைம்.

டைபிரேக்கரில் நம் பக்கம் அடிக்கடி தகராறு வருவது ஒரே இடத்தில்: வெளியே உட்கார்ந்திருந்த நல்ல ஷூட்டரை உதைக்க மட்டும் இறக்குவார்கள். கூடாது. ஆட்டம் முடிகையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டுமே உதைக்கலாம். கோல்கீப்பருக்கு அடிபட்டால் மாற்றலாம். ஐந்து ஐந்து உதைத்தும் சமமென்றால் ஒவ்வொன்றாகப் போகும். கோல்கீப்பர் உட்பட எல்லோரும் ஒருமுறை உதைத்த பிறகே யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு.

சாம்பியனுக்கு நேரே செமியா? 1872-73இல் வாண்டரர்ஸை நேரே ஃபைனலிலேயே விட்டார்கள், அவர்கள் மறுபடியும் ஜெயித்தார்கள். அந்தச் சலுகை அந்த ஒரு வருடத்தோடு போய்விட்டது. உங்கள் சாம்பியனும் சீட்டு எடுக்கட்டும்.

வராத அணிக்குப் பத்து நிமிடம் பொறுத்து, வந்த அணிக்கு வாக்ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி. இரண்டும் வராவிட்டால் இரண்டும் வெளியே, அடுத்த சுற்றில் எதிராளிக்கு வாக்ஓவர். அந்த முதல் சீசனில் 15இல் மூன்று அணிகள் ஆடாமலே விலகின. நுழைவுக் கட்டணத்தோடு ஒரு டெபாசிட்டும் வாங்கி, முதல் ஆட்டம் ஆடியதும் திருப்பிக் கொடுத்தால் நிறையப் பேர் நேரத்துக்கு வருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆள் மாறி ஆடுவது. 1872 ஃபைனலின் ஒரே கோலை அடித்த மார்ட்டன் பெட்ஸ், ‘ஏ.ஹெச். செக்கர்’ என்ற வேறு பெயரில் இறங்கியவர். உங்களிடம் ஒருவர் ஒரே டீமுக்குத்தான். 16 பேர் பட்டியலை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், நகலை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். ரெஃப்ரி மாவட்டச் சங்கத்திலிருந்து வரட்டும், குறைந்தது மூன்று பேர். அவர்கள் பணத்தைப் பரிசுத் தொகைக்கு முன்பே எடுத்துவையுங்கள்.