சீசன் டிக்கெட்: கட்டுப்படியாகுமா?

பெங்களூரு வாசகர்கள் கால்பந்து சீசன் டிக்கெட் (ஒரு பருவத்தில் கிளப்பின் சொந்த மைதான மேட்சுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட்) பற்றிக் கேட்டவை இந்த இதழில். பதில்களில் வரும் பெங்களூரு டிக்கெட் விலைகள் கணக்குப் போட்டுக் காட்ட நாங்களாக வைத்துக்கொண்டவை. எந்தக் கிளப்பின் விலைப்பட்டியலும் அல்ல.

ஒவ்வொரு மேட்சுக்கும் தனித்தனியாக வாங்குவதைவிட சீசன் டிக்கெட் மலிவு என்கிறார்களே, நிஜமா? (அல்சூர் வாசகர்)

எத்தனை மேட்சுக்கு நீங்கள் நிஜமாகவே போய் உட்காருவீர்கள் என்பதில் இருக்கிறது பதில். சீசன் டிக்கெட்டுக்குக் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை, அதே ஸ்டாண்டில் ஒரு மேட்சுக்கு ஆகும் மொத்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். சீசன் 2,400 ரூபாய், தனி டிக்கெட் 250 என்றால் 9.6 வரும். பத்தாவது மேட்சில்தான் போட்ட காசு திரும்புகிறது. தனி டிக்கெட்டுக்கு ஒவ்வொரு தடவையும் 30 ரூபாய் கன்வீனியன்ஸ் கட்டணம் பிடிக்கிறார்கள் என்றால் வகுக்க வேண்டியது 280 ஆல். அப்போது 8.6, ஒன்பதாவது மேட்சிலேயே சரியாகிவிடும்.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். விலையைப் பார்ப்பார்கள், ஹோம் மேட்ச் எத்தனை என்று பார்க்க மாட்டார்கள். ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்) 13 அணிகள் ஆடிய 2024-25 பருவத்தில் ஓர் அணிக்கு லீக்கில் 12 ஹோம் மேட்ச். அடுத்த பருவம், லீக்கை நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்த இழுபறியில் சிக்கி, 2026 பிப்ரவரி 14-ல்தான் தொடங்கியது. 14 அணிகள், ஒருவரோடு ஒருவர் ஒரே முறை, மொத்தம் 91 ஆட்டங்கள் என்று சுருங்கியது. ஓர் அணிக்கு 13 ஆட்டம் என்றால் சொந்த மைதானத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான். அதே 2,400 ரூபாய், 12 மேட்சுக்கு என்றால் மேட்சுக்கு 200; ஏழு மேட்சுக்கு என்றால் 343. "போன வருஷ விலையேதான்" என்று விளம்பரம் வந்தால் முதலில் மேட்ச் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

அட்டவணை வந்ததும் காலண்டரில் குறித்து, வார நாள் மேட்ச் ஒவ்வொன்றையும் அரை மேட்சாக எண்ணுங்கள். 7.30-க்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு ஒயிட்ஃபீல்டு அலுவலகத்திலிருந்து பெங்களூரு எஃப்.சி. ஆடும் கண்டீரவா மைதானத்துக்கு வருவதென்றால் ஐந்தரைக்காவது கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமையில் அது எத்தனை பேருக்கு நடக்கும்? அரை அரையாக எண்ணிய பிறகும் கணக்கு தாண்டினால் தயங்காமல் வாங்குங்கள். அட்டவணை வருமுன் பணம் கேட்டால், தனி டிக்கெட்டைவிடக் கால் பங்காவது குறைவாக இல்லாமல் வாங்குவது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

பில்லில் வரி என்று ஒரு வரி இருக்கிறது. தனி டிக்கெட்டில் அதைப் பார்த்த ஞாபகம் இல்லையே? (ராமமூர்த்தி நகர் வாசகி)

ஞாபகம் சரிதான். விளையாட்டுப் போட்டிக்கான நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. விலக்கு. அதைத் தாண்டினால், அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டி என்ற வகைக்கு 18 சதவீதம். ஐ.பி.எல். போன்றவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். 250 ரூபாய் டிக்கெட்டில் வரி வராததும், பல மேட்சுகளைக் கட்டாகக் கட்டிய டிக்கெட்டில் வருவதும் இதனால்தான்.

இது தள்ளுபடியை எப்படி விழுங்குகிறது பாருங்கள். 250 வீதம் 12 மேட்ச், 3,000. சீசன் டிக்கெட்டில் 20 சதவீதம் தள்ளுபடி, 2,400. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 2,832. தள்ளுபடி 5.6 சதவீதமாகிவிட்டது. 40 சதவீதம் போட்டால் 3,360. தனித்தனியாக வாங்கியிருந்தால் மிச்சமாகியிருக்கும்! எனவே "வரி உள்பட எவ்வளவு, எந்த விகிதம்" என்று வாங்குமுன் கிளப்புக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பணம் கட்டும் கடைசித் திரையில் நன்கொடை, காப்பீடு என்று ஏதாவது தானாகவே டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும், கட்டணத்தைக் கடைசிவரை மறைத்துக் காட்டுவதும் 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளில் தடை செய்யப்பட்டவை.

வருஷா வருஷம் விலையை ஏற்றினால்தான் கிளப் பிழைக்குமா? (சிவாஜிநகர் வாசகர்)

கண்டீரவாவில் ஏறக்குறைய 25,000 பேர் உட்காரலாம். ஒரு இருக்கை கூட மிச்சமில்லாமல், சராசரி 200 ரூபாய்க்கு விற்றால் ஒரு மேட்சுக்கு 50 லட்சம், 12 மேட்சுக்கு 6 கோடி. ஐ.எஸ்.எல்.லில் அணியின் சம்பள உச்சவரம்பு 16.5 கோடியாக இருந்த பருவங்களும் உண்டு. அரங்கம் நிரம்பி வழிந்தாலும் வாசல் வசூல் சம்பளத்தில் பாதியைக்கூடத் தொடாது. அதற்கு மேல் மைதான வாடகை, பந்தோபஸ்து, விளக்கு, பயணம் எல்லாம் இருக்கிறது. சராசரியை 200-லிருந்து 250 ஆக்கினால் கூடுதலாக வருவது அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. அதுவும் ஒருவர்கூட வராமல் நிற்கவில்லை என்றால்!

ஏற்றவே கூடாது என்பதல்ல. டிக்கெட் விலை கிளப்பைக் காப்பாற்றும் என்ற வாதம் நம் ஊரில் எடுபடாது. காலி கேலரி டி.வி.யில் தெரிந்தால் ஸ்பான்சர் முகம் சுளிப்பார். அந்த நஷ்டம் பெரிது.

ஆஸ்டின் டவுனில் நாங்கள் முப்பது, நாற்பது பேர் சேர்ந்து போகிறோம். விலை உயர்வை எதிர்த்து என்ன செய்தால் காது கொடுத்துக் கேட்பார்கள்? (ஆஸ்டின் டவுன் நண்பர்கள்)

"விலையைக் குறை" என்று மட்டும் எழுதினால் "பரிசீலிக்கிறோம்" என்று மட்டும் பதில் வரும். எண்ணோடு போக வேண்டும்.

முதலில் ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: போன பருவத்தின் ஹோம் மேட்ச் ஒவ்வொன்றும், தேதி, கிழமை, தொடங்கிய நேரம், உங்கள் குழுவில் எத்தனை பேர் வந்தார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை. "வார நாள் மேட்சுக்கு எங்களில் பாதிப்பேர்கூட வரவில்லை" என்பது தாளில் இருந்தால் அதை மறுத்துப் பேச முடியாது. பிறகு இரண்டு பருவத்தின் விலையை, மேட்ச் எண்ணிக்கையால் வகுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

கோரிக்கை மூன்றுக்கு மேல் வேண்டாம். மொத்த விலையைக் குறைப்பதைவிட, கிளப்புக்குச் செலவில்லாதவற்றைக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வட்டியில்லாமல் மூன்று தவணை. வர முடியாத மேட்சின் இருக்கையை ஆப்பிலேயே இன்னொருவருக்கு மாற்றும் வசதி. மேட்ச் வேறு ஊருக்குப் போனாலோ ரத்தானாலோ அந்தப் பங்குப் பணம் தானாகத் திரும்புவது. மாதச் சம்பளக்காரர்களுக்கும் தினக்கூலிக்காரர்களுக்கும் முதல் சிக்கல் 2,400 என்ற விலையல்ல, அதை ஒரே நாளில் கட்டுவது. தவணையைத்தான் நாங்கள் முதலில் வைப்போம்.

கடிதம் போக வேண்டிய நேரம் விலை அறிவித்த பிறகல்ல, பருவம் முடிந்து அடுத்த விலை பேசப்படும் மாதங்களில். அறிவித்த பிறகு எந்த நிர்வாகமும் பின்வாங்க வெட்கப்படும்.

வெட்கத்தை மீறிப் பின்வாங்க வைத்தவர்களும் உண்டு. 2016 பிப்ரவரி 6-ல் லிவர்பூல் ரசிகர்கள், புதிய ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட் என்ற அறிவிப்பை எதிர்த்து, சண்டர்லேண்டோடு நடந்த ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியே போனார்கள். அப்போது 2-0 என்று முன்னிலை, முடிந்தது 2-2. சில நாட்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு 77 பவுண்டு திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரே எண், ஒரே நிமிடம், எல்லோருக்கும் புரிந்தது. வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டை 20 பவுண்டுக்குள் கொண்டுவரச் சொல்லி இங்கிலாந்து ரசிகர் அமைப்பு பல ஆண்டுகள் கேட்டு, 2016-17 முதல் 30 பவுண்டு உச்சவரம்பு வாங்கியது. கேட்டதைவிடப் பத்து கூடத்தான், ஆனால் பிரீமியர் லீகின் எல்லாக் கிளப்பையும் கட்டுப்படுத்தியது.

நம்மிடம் தோற்றுப்போவது பெரும்பாலும் புறக்கணிப்பு. பாதிப்பேர் வெளியே நிற்க, மீதிப்பேர் உள்ளே போய்விடுவார்கள். அடுத்த தடவை உங்களை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். வருவோரில் பத்தில் எட்டுப் பேராவது உறுதி சொல்லாமல் புறக்கணிப்பை அறிவிக்காதீர்கள். பெங்களூரு எஃப்.சி.யின் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் போன்ற பெரிய ரசிகர் குழுவோடு முன்பே பேசிவிடுங்கள். நாற்பது பேரின் தனிக் கடிதத்தைவிட அவர்களோடு சேர்ந்த ஒரு கடிதம் கனமானது.

மேட்சை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். "நோ ரீஃபண்ட்" என்று விதியில் இருக்கிறதாம். அவ்வளவுதானா? (ஃப்ரேசர் டவுன் வாசகர்)

அவ்வளவுதான் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் வர முடியாமல் போனதற்கும், அவர்கள் மேட்சையே நடத்தாததற்கும் வித்தியாசம் உண்டு. பணம் கட்டியபோது இருந்த விதிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், மாற்றிய அறிவிப்பு மூன்றையும் எடுத்து வையுங்கள். கிளப்புக்கும் டிக்கெட் விற்ற ஆப்புக்கும் ஒரே மின்னஞ்சல், 15 நாள் கெடு. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 200 ரூபாய்க்காகவா என்று தோன்றும். பெரும்பாலும் 1915 கட்டத்திலேயே பேச வருவார்கள்.

ப்ளே-ஆஃப், கோப்பை ஆட்டங்கள் சீசன் டிக்கெட்டில் சேருமா? (விவேக் நகர் வாசகர்)

எழுதியிருந்தால் சேரும், எழுதாவிட்டால் சேராது. டூரண்ட் கோப்பை, ஏ.எஃப்.சி. (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) ஆட்டங்கள் தனி. உங்கள் மைதானத்திலேயே நடக்கும் இறுதிப்போட்டிகூட லீக் நடத்துவது, கிளப் நடத்துவதல்ல. "முன்பதிவில் முன்னுரிமை" என்று இருந்தால் அது இருக்கை இல்லை, வரிசையில் முன்னால் நிற்கும் உரிமை மட்டுமே.

எந்த ஸ்டாண்டில் எடுத்தால் காசுக்கு மதிப்பு? (கம்மனஹள்ளி வாசகி)

கண்டீரவாவில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. அதனால் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற மாதிரி தோன்றும், ஆட்டம் தெரியாது. ஆடுகளத்தின் எதிர்ப்பக்கக் கோடு விளம்பரப் பலகைகளோடு சேர்ந்து தட்டையாகத் தெரியும். நடு வரிசைக்கு மேலே எடுங்கள். ஐந்து மணி ஆட்டங்கள் அதிகமாக இருந்தால் கிழக்குப் பக்கம் வேண்டாம், சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். கோல் போஸ்டுக்குப் பின்னால் மலிவாகக் கிடைப்பது தடத்தின் வளைவால் இன்னும் தள்ளியிருக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது பரவாயில்லை, ஆட்டத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஆகாது.

இரண்டு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். நாலு சீசன் டிக்கெட் எங்கே வாங்குவது? (எஜிபுரா வாசகர்)

நாலு வேண்டாம். இரண்டு வாங்கிப் பெரியவர்கள் மாறி மாறி ஒரு பிள்ளையோடு போங்கள், பெரிய மேட்சுக்கு மட்டும் இரண்டு தனி டிக்கெட். இதற்கு டிக்கெட்டைப் பெயர் மாற்றலாமா என்று முதலில் பாருங்கள். பிள்ளைகளுக்கு எந்த வயது முதல் டிக்கெட் என்பதையும் கேளுங்கள். சிறுவர் சலுகை இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், விலை ஏறும்போது முதலில் பறிபோவது அதுதான். மான்செஸ்டர் யுனைடெட் 2024 கடைசியில், பருவத்தின் நடுவிலேயே, உறுப்பினர் டிக்கெட்டைச் சிறுவர், முதியோர் சலுகை இல்லாமல் எல்லோருக்கும் 66 பவுண்டு ஆக்கியது.

என் க்யூஆர் கோடு வாசலில் "ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது" என்று காட்டியது. ஏன்? (கவுதம்புரா வாசகர்)

வாட்ஸ்ஆப்பில் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே, அடுத்தவர் வெளியே. இயந்திரத்துக்கு உரிமையாளர் யார் என்று தெரியாது. ஆப்பில் "டிரான்ஸ்ஃபர்" இருந்தால் அதில் மட்டும் அனுப்புங்கள், பழைய கோடு செத்துவிடும். பதிவான போன் எண்ணை மாற்றினால் பருவம் தொடங்குமுன் கிளப்பில் சொல்லிவிடுங்கள். மேட்ச் அன்று மாலை ஆறரை மணிக்கு அதைச் சரிசெய்ய அங்கே ஆள் இருக்காது.

நான் சென்னையின் எஃப்.சி. ரசிகன், வேலை பெங்களூரில். இங்கே சீசன் டிக்கெட் எடுத்தால் துரோகமா? (ஸ்ரீராமபுரம் வாசகர்)

2018 மார்ச் 17-ல் இதே கண்டீரவாவில் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று பெங்களூருவை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியதை நீங்கள் மறக்கவில்லை என்று தெரிகிறது. துரோகமோ இல்லையோ, நஷ்டம். உங்களுக்கு வேண்டியது ஒரு மேட்ச். வெளியூர் ரசிகர்களுக்கான பகுதியில் தனி டிக்கெட் எடுங்கள். பெங்களூரு ரசிகர்கள் உட்காரும் ஸ்டாண்டில் சென்னை ஜெர்ஸியோடு போனால் வாசலிலேயே கழற்றச் சொல்லக்கூடும். மற்ற வாரங்களில் பந்து பார்க்கத்தான் ஆசை என்றால் அசோக் நகர் பெங்களூரு கால்பந்து மைதானத்தில் மாநிலச் சங்கத்தின் சூப்பர் டிவிஷன் ஆட்டங்களுக்குப் போங்கள். ஓட்டத் தடம் இல்லை. கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரரைத் திட்டுவது தமிழிலா கன்னடத்திலா என்பதுவரை காதில் விழும்.