கோட்பாடு இருக்கிறது, நாவலைக் காணோம்

கேள்வி: முதுகலை இலக்கியம் படிக்கிறேன். எந்த நாவலை எடுத்தாலும் 'எந்தக் கோட்பாட்டின் வழியாக?' என்கிறார்கள். ஃபூக்கோ, தெரிதா எனப் பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் மேற்கோள்களோடு எழுதினால், 'கோட்பாடு இருக்கிறது, நாவலைக் காணோம்' என்று கட்டுரை திரும்பி வருகிறது. என்ன செய்ய?

பதில்: அந்தக் குறிப்பு நியாயமானதுதான். அதற்காகக் கோட்பாட்டை மூட்டை கட்டிவிடாதீர்கள். 1940, 50களில் கோலோச்சிய புதுத் திறனாய்வு, பிரதியைச் சொல் சொல்லாக வாசிக்கப் பழக்கியது. சமூகம், வரலாறு பற்றிய கேள்விகளை மட்டும் வாசலிலேயே நிறுத்தியது. அவை உள்ளே வரக் கோட்பாடு வழிவிட்டது. 1966இல் அமெரிக்காவின் பால்டிமோர் கருத்தரங்கில் தெரிதா பேசியது அந்தக் கோட்பாட்டு அலைக்கு ஒரு தொடக்கம். 1978இல், கிழக்கை மேற்கு எப்படிச் சித்திரித்தது என்று ஆராய்ந்த எட்வர்ட் சயீத்தின் 'ஓரியண்டலிசம்' வந்தது. அதன்பின் பிரிட்டிஷ் பேரரசைப் பேசாமல் ஆங்கில நாவலைப் பேசுவது கடினமாயிற்று.

ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கையே (1814) பாருங்கள். நாயகி ஃபேனியின் பெரியப்பா சர் தாமஸுக்குக் கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் தோட்டம் இருக்கிறது. அவரிடம் அடிமை வணிகம் பற்றிக் கேட்டதையும், உடனே சூழ்ந்த மௌனத்தையும் ஃபேனி அவர் மகன் எட்மண்டிடம் சொல்கிறாள். காலனி ஆட்சியின் தடங்களை இலக்கியத்தில் தேடும் பின்காலனியம் படித்தவருக்கு அந்த இடம் சட்டென்று கண்ணில் படும். அது கோட்பாடு தரும் லாபம். ஆனால் 'குற்றவுணர்வில் சர் தாமஸ் வாயடைத்துப்போனார்' என்று எழுதினால் தவறு. இன்னும் கேட்டிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார் என்கிறான் எட்மண்ட். அக்கறையே இல்லாமல் வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்கள் அவருடைய பிள்ளைகள் என்கிறாள் ஃபேனி. யாருடைய மௌனம் அது? உங்கள் கட்டுரை அந்தக் கேள்வியில் தொடங்கட்டும்.

ஆகவே நாவலை முடித்ததும், உங்களை உறுத்திய ஒரு பத்து வரிகளை எடுத்துக்கொண்டு, கோட்பாட்டாளர் பெயர் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் எழும் கேள்விக்கு உதவும் ஒரே ஒரு கோட்பாட்டுக் கட்டுரையை மூலத்திலேயே படியுங்கள். கையேட்டுச் சுருக்கத்தில் முடிவுகள்தான் இருக்கும். அவற்றை எட்டிய வாதம் இருக்காது. மேற்கோள்கள் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்பது அதனால்தான்.

கோட்பாடுகளைக் கலக்கும்போதும் கவனம் தேவை. முதல் பக்கத்தில், பிரதியின் பொருளை ஆசிரியரிடம் தேடாதீர்கள் என்னும் ரோலான் பார்த்தின் 'ஆசிரியரின் மரணம்'; மூன்றாம் பக்கத்தில் ஆசிரியரின் கடிதங்களை வைத்து நாவலுக்கு விளக்கம். இரண்டும் ஒரே கட்டுரையில் நிற்காது.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு பத்தியிலும் நாவலின் பெயரை மாற்றிப் பாருங்கள். வேறு நாவலுக்கும் அப்படியே பொருந்துகிற பத்தியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.