பேருந்துப் படிவம் ஏன் வெறுமையாகவே இருக்கிறது?

கேள்வி: எங்கள் பள்ளி அலுவலகத்தில் சேர்க்கை விண்ணப்பமும் பேருந்து விண்ணப்பமும் தனித்தனி பி.டி.எஃப். படிவங்களாக உள்ளன. மாணவர் பெயர், சேர்க்கை எண், முகவரி ஆகியவற்றை இரண்டிலும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. பேருந்துப் படிவத்தில் ஒரு பொத்தான் வைத்து, சேர்க்கைப் படிவத்தைத் திறந்து விவரங்களை எடுத்துவரும்படி ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். அதே வரிகள் அக்ரோபேட் மென்பொருளின் கன்சோலில் (கட்டளைகளை நேரடியாகத் தட்டச்சு செய்து சோதிக்கும் சாளரத்தில்) சரியாக இயங்குகின்றன. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் வருவதில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் வரிகளில் தவறு இல்லை. ஒரு கோப்பின் ஸ்கிரிப்ட் இன்னொரு கோப்பைத் தொட வேண்டுமானால், தொடப்படும் கோப்பு அதற்கு முன்கூட்டியே அனுமதி அளித்திருக்க வேண்டும் என்பது அக்ரோபேட்டின் விதி. 'டிஸ்குளோஸ்டு' என்னும் பண்பை 'ட்ரூ' என்று வைப்பதே அந்த அனுமதி. கன்சோலில் இயக்கும்போது அக்ரோபேட் இந்த விதியைப் பார்ப்பதில்லை. பொத்தானிலிருந்து இயக்கும்போது பார்க்கிறது, அனுமதி இல்லையென்றால், இன்னொரு கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்டாக்' கட்டளை கோப்புக்குப் பதிலாக 'நல்' என்ற வெற்று மதிப்பைத் தருகிறது. அதனால்தான் கன்சோலில் கிடைத்தது பொத்தானில் கிடைக்கவில்லை. பலரும் அனுமதி வரியைப் பொத்தான் உள்ள படிவத்திலேயே எழுதிவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதை எழுத வேண்டிய இடம் சேர்க்கைப் படிவத்தின் ஆவண நிலை ஸ்கிரிப்ட். கோப்பு திறக்கும்போதே அது இயங்கிவிடும்.

சேர்க்கை எண்ணில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பெட்டியில் 0427 என்று இருந்தால், 'வேல்யூ' என்று கேட்கும்போது அக்ரோபேட் அதை எண்ணாக மாற்றி 427 என்று கொடுத்துவிடும். 'வேல்யூ ஆஸ் ஸ்டிரிங்' என்று கேட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் அப்படியே வரும். பெட்டிகளின் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு என்பதால் அவற்றையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு 'குளோபல்' மாறிகளை, அதாவது கோப்புகளுக்குப் பொதுவாக மதிப்புகளைச் சேமித்து வைக்கும் மாறிகளை, பயன்படுத்தச் சொல்வோரும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கோப்பு வைத்த குளோபல் மதிப்பை வேறு கோப்பு படிக்காதபடி தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை ஒவ்வொரு கணினியிலும் அணைத்து வைப்பது, மாணவர் விவரங்களைக் கையாளும் அலுவலகத்துக்கு உகந்ததன்று. டிஸ்குளோஸ்டு அனுமதியும் திறந்திருக்கும் மற்றக் கோப்புகளின் ஸ்கிரிப்ட்டுகளுக்கு வழிவிடுவதுதான். எனவே அதைச் சேர்க்கைப் படிவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு படிவங்களும் எப்போதும் சேர்ந்தே நிரப்பப்படுகின்றன என்றால், ஒரே பெட்டிப் பெயர்களைக் கொடுத்து இரண்டையும் ஒரே கோப்பாக இணைத்துவிடுவதே எளிது. ஒரே கோப்புக்குள் ஒரே பெயருள்ள பெட்டிகள் ஒரே மதிப்பைக் காட்டும், ஸ்கிரிப்ட்டே தேவைப்படாது. தனித்தனியாகவே வைத்திருக்க வேண்டுமென்றால், அவற்றை உலாவியில் திறக்காமல் அக்ரோபேட்டில் திறந்து நிரப்பச் சொல்லுங்கள். உலாவியில் இந்தப் பொத்தான் இயங்காது.