கொக்கியும் மடங்கும் இறக்கையும்

கேள்வி: கடற்படை விமானப் பிரிவில் தொழில்நுட்பப் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பருடன் கோவாவிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குச் செல்கிறேன். அங்கு எதைக் கவனித்துப் பார்ப்பது? அவரிடம் போர் அனுபவங்களைக் கேட்கலாமா?

பதில்: ஏர் இந்தியாவில் பயணிகளைச் சுமந்து, பின்னர் விமானப்படைக்கும் அதன்பின் கடற்படைக்கும் வந்து சேர்ந்த நான்கு எஞ்சின் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானத்தின் முன்தான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சீ ஹாக், அலிஸே ஆகிய இரண்டின் அருகில் அதிக நேரம் நில்லுங்கள். 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்டு, இன்றைய வங்கதேசத்திலுள்ள காக்ஸ் பஜார், சிட்டகாங் பகுதிகளைத் தாக்கிய விமான வகைகள் இவை. வால்பகுதியின் அடியில் இருக்கும் கொக்கியைக் குனிந்து பாருங்கள். கப்பல் தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய எஃகு வடத்தை அது பற்றிக்கொள்வதால்தான், அவ்வளவு குறுகிய இடத்தில், பாய்ந்து வரும் விமானம் சில நொடிகளில் நிற்கிறது. இறக்கை மடங்கும் மூட்டையும் பாருங்கள். கப்பலில் இடம் அத்தனை அருமை.

போரைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உப்புக்காற்றில் இந்த மூட்டுகள் துருப்பிடிக்காமல் எப்படிக் காத்தார்கள், ஆடும் கப்பலில் எஞ்சினை எப்படிக் கழற்றினார்கள் என்று வேலையைப் பற்றிக் கேளுங்கள். சொல்ல விரும்பினால் மற்றதை அவரே சொல்லுவார். பெரும்பாலான விமானங்கள் திறந்தவெளியில் நிற்பதால் வெயில் ஏறுமுன் சென்றுவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.