சீட்டுகளைப் பரப்பி யோசிக்க எந்தச் செயலி? – வாசகர் கேள்விகள்

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் குறிப்புகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எது எதோடு சேரும் என்று பிடிபடவில்லை. சுவரில் சீட்டு ஒட்டுவதுபோல் பரப்பிப் பார்க்க ஒரு செயலி சொல்லுங்கள். இணையம் இல்லாமலும் ஓட வேண்டும்.
– ஆய்வு மாணவி, மதுரை

அப்சிடியன் (Obsidian) என்ற குறிப்பெழுதும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் அதில் கான்வாஸ் என்ற பலகை வந்தது. குறிப்புகள் உங்கள் கணினியிலேயே, ஒரு ஃபோல்டருக்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும். கட்டணம் இல்லை, இணையமும் வேண்டாம்.

புதிய கான்வாஸ் திறந்து, வெற்றிடத்தில் இருமுறை கிளிக் செய்தால் ஒரு கார்டு முளைக்கும். பழைய குறிப்புகளை இடப்பக்கப் பட்டியலிலிருந்து இழுத்துப் போடலாம். கார்டின் விளிம்புக்கு மவுஸைக் கொண்டுபோனால் ஒரு புள்ளி தெரியும். அதைப் பிடித்து அடுத்த கார்டுவரை இழுத்தால் அம்புக்குறி. அம்பின்மேல் இருமுறை கிளிக் செய்து ‘காரணம்’, ‘முரண்’ என்று எழுதுங்கள். பெயரில்லாத அம்பு எதற்குப் போட்டது என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

முதல் சுற்றில் அம்பே போட வேண்டாம். ஒத்தவற்றை அருகருகே நகர்த்துவதோடு நிறுத்துங்கள். சீக்கிரமே கோடு போட்டால் கார்டை நகர்த்தும்போதெல்லாம் கோடுகள் பின்னிக்கொள்ளும். நகர்த்தவே மனம் வராது. ஒரு கார்டில் ஒரே கருத்து, அதுவும் முழு வாக்கியமாக. ‘வரி’ என்று எழுதிய கார்டை எங்கே வைப்பது? ‘நிலவரி உயர்ந்த பிறகே இடப்பெயர்வு கூடியது’ என்றால் அதன் இடம் தானே தெரியும்.

கவனிக்க: பலகையில் நேரடியாகத் தட்டிய கார்டு அந்தக் கான்வாஸ் கோப்புக்குள் மட்டுமே வாழ்கிறது. கான்வாஸை அழித்தால் அதுவும் போய்விடும். முக்கியமானதை வலது கிளிக் செய்து தனிக் குறிப்பாக மாற்றிவிடுங்கள். இழுத்துப் போட்ட குறிப்பு வேறு வகை: கார்டை நீக்கினாலும் மூலக் குறிப்பு பத்திரமாக இருக்கும், ஆனால் கார்டுக்குள் திருத்தினால் மூலமும் மாறும்.

பலகையில் கார்டுகள் பெருகி எதுவும் கண்ணுக்குச் சிக்கவில்லை. அப்சிடியன்தான்.
– வாசகர், ஈரோடு

ஷிஃப்ட்டும் 1-ம் அழுத்தினால் பலகை முழுவதும் திரைக்குள் வரும். நெருக்கமாகக் குவிந்த பகுதியை வெட்டிப் புதிய கான்வாஸில் ஒட்டி, அந்தக் கான்வாஸையே பழைய பலகையில் ஒரு கார்டாக வையுங்கள். இனி நகர்த்த ஒன்றுமில்லை என்ற பகுதியைப் பலகையில் வைத்திருக்காமல் கட்டுரையாக எழுதத் தொடங்கிவிடலாம்.

எக்ஸ்காலிட்ரா (Excalidraw) என்ற இணைய வரைபலகைத் தளத்தில் வரைந்த படம், பிரவுசரைச் சுத்தம் செய்ததும் காணவில்லை. மீட்க முடியுமா?
– கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

கணக்கு இல்லாமல் வரையும்போது படம் உங்கள் பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கிறது. தளத் தரவை அழித்தால் அதுவும் அழியும். பகிராத படத்துக்குச் சர்வரில் பிரதி கிடையாது. கைவிடுமுன் பழைய செய்திகளைத் தேடுங்கள். பகிர்வு இணைப்பு யாருக்காவது அனுப்பியிருந்தால், அனுப்பிய அன்றிருந்த நிலை அதில் கிடைக்கும். முழு இணைப்பும் வேண்டும்: பகிர்ந்த படம் பூட்டிய (குறியாக்கம் செய்த) நிலையில்தான் இருக்கும், அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி # குறிக்குப் பின்னுள்ள பகுதியில் இருக்கிறது.

இனிமேல் வேலை முடிந்ததும் கோப்பாகக் கணினியில் சேமியுங்கள். பி.என்.ஜி. படமாக எடுப்பதென்றால், காட்சியை உட்பொதிக்கும் விருப்பத்தை இயக்குங்கள். அந்தப் படத்தைத் திரும்பத் தளத்தில் இழுத்துவிட்டால் ஒவ்வொரு பெட்டியும் திருத்தக்கூடியதாக வரும். வாட்ஸ்அப்பில் அதைப் புகைப்படமாக அனுப்பினால் சுருக்கத்தில் உட்பொதித்த தரவு போய்விடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

அதே செயலியில் தமிழில் எழுதினால் கையெழுத்து வடிவம் வருவதில்லை. நண்பர் கணினியில் எழுத்து பெட்டிக்கு வெளியே வழிகிறது. ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

அந்தக் கையெழுத்து எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதனால் கணினி தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்கிறது. விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று இடத்துக்கு இடம் மாறும். அகலமும் மாறுவதால் வரி உடைகிறது. பெட்டியைச் சற்று அகலமாக வரையுங்கள். பார்க்க மட்டும் அனுப்புவதென்றால் எஸ்.வி.ஜி. வேண்டாம், பி.என்.ஜி. அனுப்புங்கள், அதில் எழுத்து படமாக உறைந்திருக்கும்.