ஆரம்பகாலக் குவேக்கர்கள் துண்டுப் பிரசுரம் அச்சிட்டுப் பாதிரியார்களோடு மோதியது எதற்காக? யாராவது ஜெயித்தார்களா?

ஒரே சொல்லில் கேட்டால், சம்பளத்துக்காக என்பேன். பாதிரியார்கள் வாங்கிய சம்பளம்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு ஊர்ப் பாதிரியாருக்குப் போக வேண்டும். தசமபாகம். அவருடைய பிரசங்கத்தை நீங்கள் காதில் வாங்குகிறீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கொடுக்க மறுத்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் சிறை. இந்த நிலையில்தான் 1652-இல் ஜார்ஜ் ஃபாக்ஸ் வட இங்கிலாந்தின் மலைச்சரிவுகளில் நின்று, கிறிஸ்துவின் ஒளி ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டம் சேர்த்தார்; அப்படிச் சேர்ந்த கிறிஸ்தவக் குழுவினர்தான் குவேக்கர்கள். இதைக் கேட்ட விவசாயி வீட்டுக்குப் போய் என்ன யோசித்திருப்பான்? ஒளி எனக்குள்ளேயே இருக்கிறதென்றால் பாதிரியாருக்கு எதற்கு நெல்லளப்பது போல் கோதுமை அளக்க வேண்டும்? யோவான் சுவிசேஷத்தில் ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடும் 'கூலியாள்' வருகிறானே, அந்தச் சொல்லை எடுத்துப் பாதிரியார்கள் மேல் எறிந்தார்கள். ஆலயத்தை ஆலயம் என்று சொல்லவும் மறுத்து 'கோபுர வீடு' என்றார்கள். 1659-இல் தசமபாகத்துக்கு எதிராக 7,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பெயர் கொடுத்த மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. அந்தப் பெயர்களையும் சேர்த்தே அச்சிட்டார்கள்.

ஒரு சின்ன விளக்கம். பாதிரியார்கள் என்றதும் பிஷப்புகள் நினைவுக்கு வரலாம். 1650-களில் பிஷப் பதவியே இல்லை, 1646-இல் நாடாளுமன்றம் ஒழித்திருந்தது. குவேக்கர்களோடு மல்லுக்கு நின்றவர்கள் பெரும்பாலும் பியூரிட்டன்கள், அதாவது திருச்சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட்கள். நேற்றுவரை பிஷப்புகளிடம் அடி வாங்கியவர்கள்.

அச்சுக்கு வழி திறந்ததும் அந்தக் கொந்தளிப்பில்தான். தணிக்கைக்குப் பின்பலமாக இருந்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் 1641-இல் கலைக்கப்பட்டது. லண்டனில் செயின்ட் பால் பேராலயத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஜைல்ஸ் கால்வர்ட் போன்றவர்கள் குவேக்கர் எழுத்துகளை வாங்கி வெளியிட்டார்கள். ஒரு தாளின் இரண்டு பக்கமும் அச்சிட்டு இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம். அவ்வளவு இருந்தால் ஒரு பிரசுரம் ஆகிவிடும். சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். கடலும் தாண்டின: 1656-இல் மேரி ஃபிஷரும் ஆன் ஆஸ்டினும் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியபோது அவர்கள் கொண்டுபோன நூறு புத்தகங்களைப் பறித்து எரித்தார்கள்.

இந்தப் பிரசுரங்களின் மின்நகல்களை இரவில் உட்கார்ந்து படிப்பது சில ஆண்டுகளாக என்னுடைய கெட்ட பழக்கம். பழைய ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். முதல் வாரம் கண் எரிந்தது. பழகிய பிறகு கவனித்தது அவர்களுடைய சண்டை போடும் முறையை. எதிராளியின் புத்தகத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப் போடுவார்கள், கீழே பதில். அடுத்த வரி, அடுத்த பதில். அவர் அந்தப் பதில்களை எடுத்துப் போட்டுத் திருப்பி எழுதுவார். ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற பியூரிட்டன் பாதிரியார் 1655-இல் குவேக்கர்களைத் தாக்கி எழுதினார். அதே ஆண்டு ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கரின் மறுப்பு வந்துவிட்டது. (அடுத்த ஆண்டு இறுதியில் தெய்வநிந்தனைக் குற்றம் சாட்டி, நாடாளுமன்றமே விசாரித்து, நெய்லரின் நாக்கில் சூட்டுக்கோலால் துளையிட்டது. அது தனிக் கதை.)

தமிழர்களுக்குச் சட்டென்று புரியக்கூடிய சண்டை ஒன்றும் உண்டு. குவேக்கர்கள் நீதிபதியையும் பாதிரியாரையும் 'நீ' என்றே கூப்பிட்டார்கள். ஒரு ஆளைப் பன்மையில் அழைப்பது பொய், முகஸ்துதி என்பது அவர்கள் வாதம். மரியாதை தெரியாதவர்கள் என்று படித்தவர்கள் சீறியபோது, 1660-இல் ஃபாக்ஸும் இரு நண்பர்களும் பல மொழிகளிலிருந்து ஒருமை, பன்மைக்கு உதாரணங்கள் திரட்டி ஒரு பெரிய புத்தகமே போட்டார்கள். குழந்தைகளுக்கு எழுத்து கற்பிக்கும் கைப்பிடிப் பலகையின் வடிவத்தைப் பக்கங்களில் வரைந்து அதற்குள் உதாரணங்களை அச்சிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு அரிச்சுவடி! இந்தக் குசும்புக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த மோதல் ஜான் பனியனோடு நடந்தது. 'மோட்சப் பிரயாணம்' எழுதிய அதே பனியன்தான், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலம் தந்தவர். 1656-இல் அவர் பெட்ஃபர்டில் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தபடி பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அவருடைய முதல் புத்தகமே குவேக்கர்களுக்கு எதிரானது. உள்ளே ஒளி, உள்ளே கிறிஸ்து என்று பேசிப் பேசி, எருசலேமில் இரத்தமும் சதையுமாக மரித்த கிறிஸ்துவைக் காணாமல் போக்கிவிட்டீர்கள் என்றார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த எட்வர்ட் பரோ என்ற குவேக்கர் அதே ஆண்டு மறுப்பு எழுதினார்: அவரை நாங்கள் மறுக்கவே இல்லை, உள்ளத்தில் அவரை அறியாமல் வாயால் அறிக்கை செய்து என்ன பயன்? அதோடு நின்றிருக்கலாம். பேராசையால் ஆத்துமாக்களை வியாபாரம் செய்பவர்களின் வரிசையில் பனியனையும் நிறுத்திவிட்டார். பாத்திரக்காரருக்குக் கோபம் வராதா? நீயே கண்டு சொல்கிறாயா, எவனாவது சொல்லிக் கேட்டாயா என்ற தொனியில் 1657-இல் பதில் வந்தது. பரோ அதற்கும் மறுப்பு எழுதினார். ஆக நான்கு நூல்கள். இறையியலில் பனியன் பக்கம் தெளிவு அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் சம்பளப் பாதிரியார்மீது பரோவுக்கு இருந்த ஆத்திரம் நியாயமானது, ஆளை மாற்றி அடித்துவிட்டார்.

1660-இல் மன்னராட்சி திரும்பியது, பிஷப்புகளும் திரும்பினார்கள். அனுமதியின்றிக் கூட்டம் நடத்தியதற்காகப் பனியன் பன்னிரண்டு ஆண்டு சிறையில் கிடந்தார். குவேக்கர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள். பரோ 1663-இல் நியூகேட் சிறையில் இறந்தார்; முப்பது வயதுகூட ஆகவில்லை. 1672-இல் ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற குவேக்கர், அவரும் சளைக்காத கண்டன எழுத்தாளர், இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் போய்த் தம்மவர்களுக்குப் பொதுமன்னிப்பு வாங்கினார். மற்ற சபைக் கைதிகளின் நண்பர்கள் வந்து கேட்டபோது, மனுப் போட்டு அதே பத்திரத்தில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வழி சொன்னார். 491 பெயர்கள். பெரும்பாலோர் குவேக்கர்கள். நடுவே ஜான் பனியன்.

யார் ஜெயித்தது என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

இவையெல்லாம் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன என்றால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1673-இல் லண்டன் குவேக்கர்கள், தம்மவர் எழுதும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதி, தங்களைத் திட்டி வரும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி வாங்கி வைப்பதென்று முடிவெடுத்தார்கள். படிக்க ஆசை இருந்தால் பனியனின் 1656 நூலில் தொடங்கி நான்கையும் வரிசையாகப் படியுங்கள். நூறுக்கும் மேற்பட்ட எதிரிகளுக்கு ஒரேயடியாகப் பதில் சொல்லி 1659-இல் ஃபாக்ஸ் வெளியிட்ட தலையணைப் புத்தகத்தில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். நான் அப்படித் தொடங்கி நாற்பதாம் பக்கத்தில் தூங்கிப்போனவன்.